கடன் தீர்க்கவா குழந்தை?

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க!" நம் நாட்டு மணவீடுகளில் மலரோடும் மஞ்சளரிசியோடும் சேர்த்துத் தூவப்படும் வாழ்த்து இது. பதினாறு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையன்று. கல்வி, புகழ், நலம் என எண்ணப்படும் பேறுகளின் தொகை என்று பொருள் விரிப்போர் உண்டு. விரிக்கட்டும். ஆனால், மணமாகி ஆண்டொன்று நிறையுமுன் அந்தப் பெண்ணை வழிமறித்து ஊரார் கேட்பது, "கல்வி வந்ததா? புகழ் வந்ததா?" என்றா? "ஏதும் விசேஷம் உண்டா?" என்றல்லவா!

ஒரு குழந்தை பிறக்கிறது. கேள்வி ஓய்ந்ததா? இல்லை. "அடுத்தது எப்போது?" என்று உருமாறி வருகிறது. "ஒன்றோடு போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்" என்று கணவனும் மனைவியும் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியதுதான். "ஒரு கண் கண்ணாகுமா, ஒரு பிள்ளை பிள்ளையாகுமா?" என்பார் பாட்டி. "தனியாய் வளரும் பிள்ளை தறுதலையாகும்" என்பார் மாமா. "நாளைக்கு உங்களைத் தாங்குவது யார்?" என்பார் அண்டை வீட்டார். பிறந்தது பெண்ணாயிருந்தால், "கொள்ளி வைக்க ஒருவன் வேண்டாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார் பெரியப்பா.

குற்றஞ்சாட்டப்பட்ட இருவரும் என்ன விடை கூறுகிறார்கள்? வீட்டு வாடகையைச் சொல்கிறார்கள். பள்ளிக் கட்டணத்தைச் சொல்கிறார்கள். இருவரும் வேலைக்குப் போகும் இன்னலைச் சொல்கிறார்கள். அத்தனையும் உண்மை. என்றாலும், அந்த விடை கேள்வியின் வேரைத் தொடவில்லை. வாடகை குறைந்தால், கட்டணம் ஒழிந்தால், இரண்டாவது பெற்றாகவேண்டும் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது அது. "ஒன்று போதாது" என்ற தீர்ப்பை எழுதியவர் யார்? எந்த ஏட்டில் எழுதினார்? எதன்பொருட்டு எழுதினார்? இவற்றைக் கேட்பதே பகுத்தறிவாளர் கடமை. ஏட்டில் ஏறிய கருத்துத்தான் பாட்டியின் நாவிலே பழமொழியாய் வாழ்கிறது. ஆகவே, ஏடுகளையே எடுத்துப் பார்ப்போம்.

எறும்பு கடித்த பிள்ளை

வியாச பாரதத்தின் வன பருவத்திலே ஒரு கதை. லோமசர் என்னும் முனிவர் தருமனுக்குச் சொல்வது. சோமகன் என்று ஓர் அரசன். அவனுக்கு மனைவியர் நூற்றுவர். நெடுங்காலம் பிள்ளையில்லை. முதுமை வந்தபின் ஒரே ஒரு மகன் பிறந்தான். அவன் பெயர் ஜந்து. நூறு தாய்மாரும் அந்த ஒரு பிள்ளையைச் சூழ்ந்துநின்று வளர்த்தார்கள். ஒருநாள் எறும்பொன்று பிள்ளையைக் கடித்தது. பிள்ளை அலறிற்று, நூறு தாய்மாரும் அலறினார்கள். அவையிலிருந்த அரசன் ஓடோடி வந்தான், பிள்ளையைத் தேற்றினான். பிறகு அமைச்சரும் புரோகிதரும் சூழ அமர்ந்துகொண்டு, ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவன் படும் பாட்டைவிடப் பிள்ளையே இல்லாதிருப்பது மேல் என்று புலம்பினான். நூறு மகன்களைப் பெற வழியுண்டா என்று கேட்டான்.

உண்டு என்றார் புரோகிதர். என்ன வழி? இருக்கும் ஒரு மகனை வேள்வியிலே பலியிடவேண்டும். அவன் கொழுப்பு தீயில் வேகும்போது எழும் புகையை நூறு மனைவியரும் முகரவேண்டும். ஆளுக்கொரு மகன் பிறப்பான்! தாய்மார் கதறிக்கொண்டு பிள்ளையின் ஒரு கையைப் பற்றி இழுத்தார்கள். புரோகிதர் மறு கையைப் பற்றி இழுத்தார். புரோகிதர் கையே வென்றது, வேள்வி நடந்தது. நூறு மகன்கள் பிறந்தார்கள் என்கிறது கதை. பலியான பிள்ளையே தலைமகனாய் மீண்டும் பிறந்தான் என்று ஆறுதலும் சொல்கிறது.

தோழர்களே, இந்தக் கதையைப் படித்து நகைப்பது எளிது. புகையை முகர்ந்தால் கரு உண்டாகாது என்று சொல்ல இன்று பள்ளிச் சிறுவன் போதும். நாம் காணவேண்டியது வேறு. எறும்பு கடித்தது குழந்தையை; வலித்தது குழந்தைக்கு. அரசன் வருந்தியதோ, தன் கைமுதல் ஒன்றே ஒன்றாய் இருக்கிறதே, அதுவும் போய்விட்டால் என்ன ஆவது என்பதற்கு! மகன் அவனுக்கு மகனாக இல்லை, முதலாக இருந்தான். முதல் ஒன்றானால் அச்சம், நூறானால் அமைதி. நூறு கிடைக்குமென்றால் ஒன்றை எரிக்கலாம்! "ஒரு பிள்ளை பிள்ளையாகுமா?" என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கதை தன்னையறியாமலே காட்டிக்கொடுத்துவிட்டது.

கதை கட்டியவருக்கும் உள்ளம் உறுத்தியிருக்கவேண்டும். அந்தப் புரோகிதர் பின்னர் நரகில் வெந்தார் என்றும், அரசனும் அந்தத் துன்பத்தில் பங்கு கேட்டுப் பெற்றான் என்றும் எழுதியிருக்கிறார். எனினும், கதை முழுவதிலும் ஒரு கேள்வி மட்டும் எழவேயில்லை. நூறு மனைவியரில் ஒருத்தியையேனும் அழைத்து, "அம்மா, உனக்கு எத்தனை பிள்ளை வேண்டும்?" என்று கேட்டவர் எவருமில்லை.

கேசினி கேட்ட வரம்

கேட்கப்பட்ட பெண்ணும் இருக்கிறாள், வான்மீகியின் பாலகாண்டத்திலே. சகர மன்னனுக்கு மனைவியர் இருவர், கேசினி, சுமதி. குலத்தை வளர்க்கும் ஒரே மகன் ஒருத்திக்கு, அறுபதினாயிரம் மகன்கள் மற்றவளுக்கு, யாருக்கு எது வேண்டும் என்கிறார் பிருகு முனிவர். கேசினி ஒன்றே போதும் என்றாள். சுமதி அறுபதினாயிரம் கேட்டாள். என்ன ஆயிற்று? அந்த அறுபதினாயிரவரும் வேள்விக் குதிரையைத் தேடிப்போய்க் கபிலரின் சினத்தீயில் சாம்பலானார்கள். ஒன்று போதும் என்றவளின் வழியிலேதான் அஞ்சுமான் வந்தான், திலீபன் வந்தான், பகீரதன் வந்தான், இராமனும் வந்தான் என்று அவர்களே குலமுறை எழுதிவைத்திருக்கிறார்கள்! கேசினியின் மகன் அசமஞ்சன் கொடியவன், ஊர்ப் பிள்ளைகளை ஆற்றில் எறிந்தவன் என்பதும் அந்தக் கதையில் உண்டு, அதை மறைப்பானேன்? அவன் ஒற்றையாய்ப் பிறந்ததால் கெட்டான் என்றால், காந்தாரியின் மைந்தர் நூற்றுவர் எதனால் கெட்டார்கள்? எண்ணிக்கையிலே ஒழுக்கம் இல்லை என்பதற்கு இதிகாசங்களே சான்று.

கதைகளுக்குப் பின்னே சட்டநூல் ஒன்று நிற்கிறது: மனுநூல். 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் கரையேற்றுவதால் 'புத்திரன்' எனப் பெயர் வந்தது என்கிறது அதன் ஒன்பதாம் இயல். இதை மேற்கோள் காட்டாத சாத்திரிகள் இல்லை. அதே இயலிலுள்ள இன்னொன்றை மட்டும் அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. மூத்த மகன் பிறந்த அளவிலேயே முன்னோர்க்குச் செலுத்தவேண்டிய கடன் தீர்ந்துவிடுகிறது. அவன் ஒருவனே அறத்தின்பொருட்டுப் பிறந்தவன். பின்னே வருவோர் காமத்தால் பிறந்தவர்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. மனுவின் கணக்குப்படியே ஒன்று போதும்! ஆனால், அந்த ஒன்று ஆணாக இருக்கவேண்டும். பெண்ணாகவே பெறுகிறாளா? பதினோராம் ஆண்டிலே அவளை விடுத்து வேறொருத்தியைக் கொள் என்கிறது அதே இயல். பெறாதவளுக்கு எட்டாம் ஆண்டு. பெற்றவை யாவும் மடிந்தவளுக்குப் பத்தாம் ஆண்டு. பெண்ணே பெற்றவளுக்குப் பதினோராம் ஆண்டு. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லிக் கெடு வைப்பதுபோலக் கருப்பைக்குக் கெடு வைத்த சட்டம் அது!

ஆக, ஆண் கிடைக்கும்வரை பெறு. கிடைத்தபின் அவன் மடிந்துவிடுவானோ என்றஞ்சி இன்னும் பெறு. இதுதான் வைதிகத்தின் கணக்கு. அம்மையும் வாந்திபேதியும் வீட்டுக்கு வீடு குழந்தைகளை வாரிச் சென்ற காலத்தில் அந்த அச்சத்துக்காவது ஒரு காரணம் இருந்தது. தடுப்பூசியும் மருத்துவமும் வந்து காரணத்தைப் போக்கிவிட்டன. சாத்திரம் மட்டும் போக மறுக்கிறது.

வள்ளுவர் சொன்னதும் உரைகாரர் சேர்த்ததும்

வடமொழி ஏடு இப்படியென்றால் தமிழ் ஏடு என்ன சொல்கிறது? திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தைப் பிரிப்போம். மணக்குடவர் உரையில் அதன் பெயர் 'மக்கட்பேறு'. பரிமேலழகர் உரையில் அதன் பெயர் 'புதல்வரைப் பெறுதல்'. தலைப்பிலேயே வழக்குத் தொடங்கிவிடுகிறது.

பத்துக் குறளையும் படித்துப் பாருங்கள். அறிவுடைய மக்களைப் பெறுவதினும் சிறந்த பேறு இல்லை என்கிறார் வள்ளுவர். குழந்தை கைவிட்டுத் துழாவிய கூழ் அமிழ்தத்தை வெல்லும் என்கிறார். மழலை கேளாதவர்தாம் குழலையும் யாழையும் புகழ்வர் என்கிறார். தம்மினும் தம் மக்கள் அறிவுடையராயிருப்பது உலகுக்கெல்லாம் இனிது என்கிறார். எத்தனை பிள்ளை பெறவேண்டும் என்று ஓரிடத்திலேனும் எண் உண்டா? இல்லை. கூழிலே அமிழ்தம் சுரக்க ஒரு சிறு கை போதும். பதினாறு பேர் கை வேண்டும் என்று அவர் பாடவில்லை.

இந்த அதிகாரத்துக்கு முன்னுரை எழுதப் புகுந்த பரிமேலழகர் எப்படித் தொடங்குகிறார்? இருபிறப்பாளர் மூவரும் செலுத்தவேண்டிய கடன்கள் மூன்று. முனிவர்கடன் கேள்வியாலும், தேவர்கடன் வேள்வியாலும், தென்புலத்தார்கடன் புதல்வரைப் பெறுவதாலும் அல்லாமல் தீரா. அந்தக் கடனை இறுத்தற்பொருட்டே பிள்ளைப்பேறு என்று தொடங்குகிறார். இருபிறப்பாளர் என்போர் யார்? பூணூல் அணியும் மூன்று வருணத்தார். அப்படியானால் உழவன் வீட்டுக் குழந்தை எதற்குப் பிறந்தது? நெசவாளி வீட்டுக் குழந்தை எதற்குப் பிறந்தது? உலகுக்கென எழுதப்பட்ட நூலின் வாயிலிலே 'இருபிறப்பாளர்க்கு' என்று பலகை மாட்டுகிறது அந்த முன்னுரை.

உள்ளே போனால் இன்னும் வேடிக்கை. முதற்குறளிலேயே 'மக்கள்' என்ற சொல் பெண்ணை விலக்கி நின்றது என்கிறார். காரணம்? அறிவதறிந்த மக்கள் என்று வள்ளுவர் அடை கொடுத்துவிட்டாராம். அறிவு என்று வந்துவிட்டால் பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்பது உரைகாரரின் துணிபு! ஒரு சொல்லுக்குள்ளிருந்து மனித குலத்தின் பாதியைக் கைப்பிடித்து வெளியே தள்ளுகிறது இந்த இலக்கணம். மற்றொரு குறளில், தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டுத் தாய் மகிழ்கிறாள். ஏன் கேட்டு மகிழவேண்டும்? பெண்ணியல்பினால் தானாக அறியமாட்டாளாம், அதனால் கேட்டாளாம்!

பரிமேலழகரின் புலமையை நாம் குறைத்துக் கூறவில்லை. சொல்லின் நுட்பத்தைக் காட்டுவதில் அவரை ஒத்தவர் அரியர். அந்தப் புலமையே அவர் கருத்துக்குக் காவலாகவும் நின்றது. வள்ளுவரை மட்டும் குறையற்றவர் என்று விட்டுவிடுவதும் முறையன்று. இல்வாழ்வான் பேணவேண்டியவர்களுள் தென்புலத்தாரையும் அவர் எண்ணுகிறார். இந்த அதிகாரத்திலேயே எழுபிறப்பைப் பேசுகிறார். கடைசிக் குறள்களில் மகன், தந்தை என்றே பேச்சு. அவர் காலத்தின் வரம்பு அது. ஆனால், முன்னோர் கடனையும் மழலையின் இனிமையையும் அவர் ஒரே முடிச்சில் கட்டவில்லை. கட்டியவர் உரைகாரர். கட்டிய அளவிலே, அமிழ்தமாயிருந்த குழந்தை அடைமானப் பொருளாயிற்று.

வேந்தனுக்குச் செலுத்திய கடன்

சங்க இலக்கியத்திலும் குழந்தையைக் குறித்துக் 'கடன்' என்ற சொல் வருகிறது. புறநானூற்றின் 312-ஆம் பாட்டில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடுகிறார். பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நெறிப்படுத்துவது வேந்தனுக்கு, களத்திலே யானையை வீழ்த்தி மீள்வது மகனுக்கு. நரகமும் திதியும் அங்கே இல்லை. அது பெரிய வேறுபாடு. எனினும், பிள்ளை அங்கேயும் இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்ட பொருளே. அந்தக் கணக்கன் பெயர் வேந்தன்.

279-ஆம் பாட்டோ மேடைதோறும் முழங்கப்படுவது. பிறந்த வீட்டானை ஒரு போரிலும் கணவனை மறு போரிலும் இழந்தவள், போர்ப்பறை கேட்டதும் தன் சிறுவனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் தந்து விடுக்கிறாள். வீரத்தாய் என்று கைதட்டுகிறோம். பாடிய ஒக்கூர் மாசாத்தியாரோ, அவளுக்கு அந்த ஒரு மகனைத் தவிர வேறில்லை என்பதைக் குறித்துக் காட்டுகிறார். அவள் துணிவைக் கண்டு நடுங்கிக்கொண்டே வியக்கிறார். நூறு மகன்கள் இருந்திருந்தால் அந்தப் பாட்டுப் பிறந்திராது. ஒன்று என்பது எவ்வளவு பெரிய எண் என்று அந்தப் பெண்பாற் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. சோமகன் அவையிலிருந்த எவருக்கும் அது தெரியவில்லை.

தனிப்பிள்ளை தறுதலையா?

"ஏட்டுக் கதை இருக்கட்டும், தனியாய் வளரும் பிள்ளை கெட்டுப்போவது உண்மைதானே?" என்று கேட்பார்கள். இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் ஸ்டான்லி ஹால் என்ற உளவியல் அறிஞரின் செல்வாக்கில் நடந்த ஆய்வு, தனிப்பிள்ளையைக் குறைப்பிள்ளை என்று முத்திரையிட்டது. நெடுங்காலம் அந்த முத்திரை அறிவியலின் பெயரால் உலவிற்று. 1986-இல் டோனி பால்போ, டெனிஸ் போலிட் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த 115 ஆய்வுகளை ஒருங்கே வைத்து அளந்து பார்த்தார்கள். கல்வியிலும் முயற்சியிலும் தனிப்பிள்ளைகள் பின்தங்கவில்லை. தலைப்பிள்ளைகளோடும் சிறு குடும்பத்துப் பிள்ளைகளோடும் ஒத்தே நின்றார்கள். பிறரோடு பழகும் இயல்பிலும் குறையில்லை. பெற்றோரோடு உள்ள உறவோ சற்று மேம்பட்டே இருந்தது. தறுதலை என்ற பட்டம் சான்றில்லாத பட்டம் என்பது தெளிவாயிற்று.

குழந்தைக்குத் தோழமை வேண்டாமா? வேண்டும். அதைத் தாயின் வயிறுதான் தரவேண்டுமா? தெருவிலே விளையாட இடம் வேண்டும், சாதி கேளாமல் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு சேரவிடும் பெற்றோர் வேண்டும், நூலகம் வேண்டும், குழந்தையோடு உட்கார்ந்து பேசும் தந்தையும் வேண்டும். இவற்றையெல்லாம் மறுத்துவிட்டு, "துணைக்கு ஒன்று பெற்றுக்கொள்" என்பது, பிறக்கப்போகும் குழந்தையை முதற்குழந்தையின் பொம்மையாக்குவதல்லவா?

முதுமையைப் பற்றிய கேள்வி கனமானது. ஒரே மகன் அல்லது ஒரே மகளின் தோளில் பெற்றோர் இருவரின் பாரமும் இறங்கும் என்பது மெய். அதை நகைத்துத் தள்ள முடியாது. ஆனால், பல பிள்ளை பெற்றவர்கள் நிலை என்ன? நான்கு மகன் வீட்டிலே மாதத்துக்கொரு வீடாய் முறைவைத்துச் சோறுண்ணும் தாயை நாம் பார்த்ததில்லையா? பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து வாழ்வுப்பொருள் பெற்றுத்தர 2007-இல் இந்திய நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றவேண்டி வந்தது. எண்ணிக்கை காப்பாக அமைந்திருந்தால் அந்தச் சட்டம் எதற்கு? முதியோர்க்கு ஓய்வூதியமும் மருத்துவமும் சமுதாயத்தின் கடமை. அந்தக் கடமையைக் கேட்டுப் போராடாமல் இன்னொரு பிள்ளை பெறச் சொல்வது, ஆட்சியின் பொறுப்பை ஒரு பெண்ணின் வயிற்றிலே இறக்கிவைப்பதாகும்.

ஆட்சியாளர் நீட்டும் கை

முன்னோர் பெயரால் பெறச் சொன்னது சாத்திரம். நாட்டின் பெயரால் பெறாதே என்றது அரசு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகைபோல் தோன்றும். பிடித்தது ஒரே இடத்தைத்தான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஓராண்டில், இந்தியாவில் 82 லட்சத்துக்கு மேற்பட்டோர்க்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை நடந்தது. அவர்களுள் 62 லட்சம் பேர் ஆண்கள். பலரைப் பிடித்துச் சென்றார்கள். பலருக்குச் சம்பளத்தையும் சலுகையையும் நிறுத்துவதாக மிரட்டினார்கள். சீனத்தில் 1980 முதல் 2015 வரை ஒரே குழந்தை என்பது அரசாணையாயிருந்தது. அங்கே பலர் என்ன செய்தார்கள்? ஒன்றுதான் உண்டு என்றால் அது ஆணாகட்டும் என்று பெண் கருவை அழித்தார்கள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 100 பெண் குழந்தைக்கு 118 ஆண் குழந்தை என்ற அளவில் பிறப்பு நின்றது. எண்ணிக்கையைச் சட்டம் குறைத்தது. மனு அப்படியே இருந்தார்!

ஆகவே தோழர்களே, ஒரு குழந்தை என்ற எண்ணிலே முற்போக்கு இல்லை. அந்த எண்ணைச் சொன்ன வாய் யாருடையது என்பதிலே இருக்கிறது. தாய் சொன்னால் அது விடுதலை. தாசில்தார் சொன்னால் அது தளை.

இன்று காற்றுத் திசை மாறியிருக்கிறது. இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்று 1994-இல் தடை விதித்த ஆந்திரம், 2024-இல் அந்தத் தடையை நீக்கிற்று. கூடுதலாய்ப் பெறுங்கள் என்ற பேச்சும் உடன் எழுந்தது. அதே 2024 அக்டோபரில், சென்னையில் அறநிலையத்துறை நடத்திய மணவிழாவில் முதலமைச்சர் என்ற முறையில் பேசிய மு.க. ஸ்டாலின், பதினாறு செல்வம் என்னும் பழைய வாழ்த்தை நினைவூட்டி, தொகுதிகள் குறையும் நிலையைப் பார்த்தால் பதினாறு பிள்ளைகளையே பெறலாமே என்று எண்ணத் தோன்றுவதாக நகைச்சுவை கலந்து சொன்னார்.

அந்த நகைச்சுவைக்குள்ளே ஒரு நியாயமான குமுறல் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நாடாளுமன்ற இடங்களை இழக்கலாகாது என்பதற்காகவே, மாநிலங்களுக்குள்ள இடங்கள் 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நிற்க 1976-இல் 42-ஆம் திருத்தம் வழிசெய்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆம் திருத்தச் சட்டம் அதனை, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற்கணக்கு வரை நீட்டித்தது. அளவாய்ப் பெற்றவனுக்கு அபராதம், அளவின்றிப் பெற்றவனுக்கு அரியணை என்றால் அது அநீதிதான். ஆனால், அநீதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதற்கு மருந்தும் தேடவேண்டும். அரசியல் சட்டத்திலே உள்ள கோளாறுக்குப் பிரசவ அறையிலே பரிகாரம் தேடலாமா? 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தை 1.4. அந்த எண்ணை எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை. படித்த பெண்கள், வேலைக்குப் போன பெண்கள், கிராமத்து நலநிலையத்துக்கு நடந்துபோன பெண்கள், தம் வாழ்வைக் கணக்கிட்டு எழுதிய எண் அது. நாடாளுமன்றத்தில் இடம் வேண்டும் என்பதற்காக அவர்களைத் திருத்தி எழுதச் சொல்வது, தென்புலத்தார் கடனை அழித்துவிட்டுத் தொகுதிக் கடன் என்று எழுதுவதுதான்.

யாருடைய முடிவு?

கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதியபோது, இந்த வேறுபாட்டைத்தான் முதலில் வரையறுத்தார். பெண்ணின் உடல்நலத்துக்காக அதை ஆதரித்தவர்கள் இருந்தார்கள். நாட்டின் வறுமை நீங்க ஆதரித்தவர்கள் இருந்தார்கள். சொத்துச் சிதறாமலிருக்க ஆதரித்தவர்களும் இருந்தார்கள். நாம் ஆதரிப்பது பெண் விடுதலைக்காக என்றார் அவர். மற்றக் காரணங்கள் காலத்தோடு மாறும். வறுமை குறைந்தால் நாட்டுக் காரணம் போய்விடும். தொகுதி குறைந்தால் அது தலைகீழாகவும் ஆகும். விடுதலை என்ற காரணம் மட்டும் மாறாது. "தவிப்பதற்கோ பிள்ளை?" என்று பாரதிதாசன் ஒரு பாட்டுக்குத் தலைப்பிட்டார். அந்தக் கேள்விக்கு விடை கூறும் உரிமை பெறுகிறவளுக்கே உண்டு.

அந்த உரிமை முழுமையாக வந்துவிட்டதா? வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருத்தடை அறுவை செய்துகொண்ட மனைவியர் நூற்றுக்கு 37.9, அறுவை செய்துகொண்ட கணவர் நூற்றுக்கு 0.3. "ஒன்று போதும்" என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். கத்தி மட்டும் ஒருத்தியைத் தேடி வருகிறது. ஆணுக்குரிய அறுவை எளிது, இன்னல் குறைந்தது என்று மருத்துவர் சொல்லியும் ஆண்மை போய்விடும் என்று அஞ்சுகிறான் பகுத்தறிவு பேசும் இளைஞனும். அந்த அச்சமும் ஒரு மூடநம்பிக்கையே.

குடும்பம் சிறுத்ததால் பெண்ணுக்கு மதிப்புப் பெருகிற்றா? தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. பிறப்பு குறைந்த அந்த இருபதாண்டிலே பெண் குழந்தையின் கணக்கு உயரவில்லை. 1989-இல் தமிழ்நாடு இயற்றிய திருத்தச் சட்டத்தால் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வந்தது. சட்டம் வாயிலைத் திறந்தது. உள்ளம் இன்னும் தாழ்ப்பாளில் கைவைத்திருக்கிறது. ஒரே மகளோடு நிறுத்திக்கொண்ட குடும்பத்தைப் பார்த்து, "பாவம், ஆண்வாரிசு இல்லை" என்று இரங்குகிறவன் பரிமேலழகரைப் படித்திருக்கமாட்டான். அவர் எழுதிய முன்னுரையில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

இளந்தோழர்களே! இரண்டு பெறுவோரை நாம் இகழவில்லை. மூன்று பெறுவோரையும் இகழவில்லை. பெறவே வேண்டாம் என்போரையும் இகழவில்லை. ஒன்று பெறுக என்று எவர்க்கும் ஆணையிடவுமில்லை. உங்கள் தெருவிலே ஒன்றோடு நிறுத்திக்கொண்ட இணையரிடம், "அடுத்தது எப்போது?" என்ற கேள்வி எழும்போது, அவர்களை வாடகைக் கணக்குச் சொல்லவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். கேட்டவரிடம் திருப்பிக் கேளுங்கள்: "யாருடைய கடனைத் தீர்க்க?" அந்த வீட்டில் வளர்வது ஒரு பெண்ணாயிருந்தால், அவளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், அவள் பெற்றோருக்கு உரிமையோடு உதவுங்கள், அவர்கள் மறைந்த நாளில், இடுகாட்டு வாயிலில் அவளைத் தடுக்கும் கைகளை விலக்கி, அவளை முன்னே நடக்கவிடுங்கள்.